எல்.பி.ஏ கொடுத்தும் செல் பிரியவில்லை, எங்கே தப்பு?

பட்டினிச்செல்:

வணக்கம். இரண்டு வாரமாகச் செக்குமாடு போல ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எலி ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களை 24 மணி நேரம் சீரம் இல்லாமல் பட்டினி போட்டுவிட்டு, லைசோபாஸ்பாடிடிக் அமிலம் (இனி எல்.பி.ஏ) கொடுக்கிறேன். 1 மைக்ரோமோலார். 5 நிமிடத்தில், வளர்ச்சிச் செய்தியைக் கடத்துகிற எர்க் புரதத்தில் பாஸ்பேட் ஏறிவிடுகிறது. வெஸ்டர்ன் பிளாட்டில் (ஆன்டிபாடி வைத்துப் புரதத்தைக் காட்டும் சோதனை) பட்டை கரேலென்று விழுகிறது. ஆக, செய்தி உள்ளே போயிருக்கிறது. மறுநாள் எண்ணிப் பார்த்தால் எல்.பி.ஏ கொடுத்த தட்டும் கொடுக்காத தட்டும் ஒரே எண்ணிக்கை. 10% சீரம் ஊற்றிய தட்டில் மட்டும் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

எர்க் ஏறினால் செல் பிரியும் என்றுதானே படித்தோம்? எல்.பி.ஏ செல்லை வளரச் சொல்லும் லிப்பிட் என்றுதானே எல்லாரும் எழுதுகிறார்கள்? நான் எங்கே சறுக்குகிறேன்?

கேள்விக்குறி:

நான் இந்தத் துறை இல்லை. தலைப்பைப் பார்த்து உள்ளே வந்துவிட்டேன். ஓர் அடிப்படைச் சந்தேகம்: லிப்பிட் என்றால் கொழுப்புதானே? சேமித்து வைக்கிற பொருள், மிஞ்சினால் செல்லுக்குச் சுவர். அது எப்படி "பிரி" என்று கட்டளை போடும்? ஹார்மோன் சொல்கிறது என்றால் புரிகிறது, கொழுப்பு சொல்கிறது என்றால் மனம் ஏற்கமாட்டேன் என்கிறது.

பழைய பிப்பெட்:

கேள்விக்குறி கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தம்பியின் சிக்கலும் அதற்குள்ளேயேதான் இருக்கிறது.

செல் சவ்வில் உள்ள பாஸ்போலிப்பிட் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கொழுப்பமில வால்கள், ஒரு பாஸ்பேட் தலை. இரண்டு வால் இருப்பதால் அது சவ்வை விட்டு லேசில் நகராது. ஒரு நொதி வந்து ஒரு வாலை வெட்டிவிட்டால் பிடி தளர்ந்துவிடும். எல்.பி.ஏ அப்படி ஒரு வாலோடு மிஞ்சிய மூலக்கூறு: ஒரு கிளிசரால், ஒரு கொழுப்பமிலம், ஒரு பாஸ்பேட். பாஸ்போலிப்பிடுகளில் இதைவிடச் சின்னது தேடினாலும் கிடைப்பது கடினம்.

உடம்பு இதை எப்படிச் செய்கிறது என்பதுதான் சுவாரசியம். ரத்தப் பிளாஸ்மாவில் லைசோபாஸ்பாடிடில்கோலின் என்ற மூலப்பொருள் நூற்றுக்கணக்கான மைக்ரோமோலார் அளவில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கிறது. ஆட்டோடாக்சின் என்ற நொதி அதிலிருந்து கோலினைக் கத்தரித்துவிட்டால் எல்.பி.ஏ தயார். இவ்வளவு மூலப்பொருள் இருந்தும் பிளாஸ்மாவில் எல்.பி.ஏ ஒரு மைக்ரோமோலாருக்கும் கீழேதான், ஏனென்றால் உண்டான கையோடு வேறு நொதிகள் பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகின்றன. ரத்தம் உறைகிறபோது மட்டும் கதை மாறுகிறது. தட்டணுக்கள் கிளர்ந்தெழுந்து மூலப்பொருளைக் கொட்டுகின்றன, ஆட்டோடாக்சின் வெட்டித் தள்ளுகிறது, அளவு பல மடங்கு ஏறுகிறது. உறைந்த ரத்தத்திலிருந்து எடுப்பதுதான் சீரம். காயம் பட்ட இடத்தில் கிடைப்பதும் ஏறக்குறைய இதே கலவைதான். காயத்தின் ஓரத்தில் உள்ள செல் பிரியாமல் வேறு எது பிரிய வேண்டும்?

ஆகவே கொழுப்பு "கட்டளை போடுகிறது" என்பதைவிட, அது அங்கே இருப்பதே செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் காது வேண்டும், அதுதான் ஏற்பி. எல்.பி.ஏவுக்கு இதுவரை 6 ஏற்பிகள் தெரியும். முதலாவது 1996இல் பிடிபட்டது.

கேள்விக்குறி:

அக்கா, இது புரிகிறது. சவ்வுதான் கிடங்கு, வெட்டுகிற நொதிதான் வாய் என்று சொல்லலாமா?

பழைய பிப்பெட்:

சொல்லலாம். அழிக்கிற நொதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் எல்லாச் செல்லும் எப்போதும் கத்திக்கொண்டே இருக்கும்.

உட்சவ்வு:

பட்டினிச்செல், உங்கள் சோதனையில் ஒன்றல்ல, மூன்று ஓட்டை தெரிகிறது.

முதலாவது, எண்ணிய நேரம். பட்டினி கிடந்த ஃபைப்ரோபிளாஸ்ட் ஓய்வு நிலையிலிருந்து எழுந்து டி.என்.ஏ நகலெடுக்கத் தொடங்கவே 12 முதல் 18 மணி நேரம் பிடிக்கும். பிறகு நகலெடுத்து முடிக்க வேண்டும், அதன் பிறகுதான் இரண்டாகப் பிரியும். 24 மணிக்கு எண்ணினால், சீரம் போன்ற பலமான தூண்டலில் முந்திக்கொண்ட செல்கள்தான் கணக்கில் வரும். எண்ணுவதை விடுங்கள், இ.டி.யு (புதிதாக எழுதப்படும் டி.என்.ஏவில் சேர்ந்துகொள்ளும் அடையாளப் பொருள்) போட்டு எத்தனை உட்கரு டி.என்.ஏ எழுதிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, 5 நிமிட எர்க்கை நம்பாதீர்கள். ஆர்தர் பார்டி 1974லேயே எழுதிவிட்டார்: டி.என்.ஏ நகலெடுப்புக்கு முந்தைய ஜி1 கட்டத்தின் பிற்பகுதியில் ஓர் எல்லைப் புள்ளி இருக்கிறது, அதைத் தாண்டும் வரை வெளியிலிருந்து தூண்டல் வந்துகொண்டே இருக்க வேண்டும். தாண்டிவிட்டால் சீரத்தை எடுத்துவிட்டாலும் செல் தன்பாட்டுக்குப் பிரிந்து முடிக்கும். எர்க் சில மணி நேரமாவது தாக்குப்பிடித்தால்தான் சைக்ளின் டி சேரும், சைக்ளின் டி சேர்ந்தால்தான், செல் பிரியாமல் தடுத்து வைக்கிற ஆர்.பி புரதத்தின் பூட்டு திறக்கும். 5 நிமிடம் பளிச்சிட்டு அணைந்தால் செல் ஒரு தடவை திரும்பிப் பார்த்ததோடு சரி.

மூன்றாவது, அளவு. 1989இல் ஆம்ஸ்டர்டாமில் மூலனார் குழு செய்த வேலையைப் படியுங்கள். எல்.பி.ஏ செல்லைப் பிரிய வைக்கும் என்பதைப் பாதை பாதையாகப் பிரித்துக் காட்டியது அதுதான். கால்சியம் எகிறுவதற்கு நானோமோலார் அளவே போதும். டி.என்.ஏ நகலெடுப்புக்கு மைக்ரோமோலார் கணக்கில், அதுவும் நீண்ட நேரம் வேண்டும். உங்கள் 1 மைக்ரோமோலாரில் செல்லுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?

பட்டினிச்செல்:

போய்ச் சேராமல் எங்கே போகும்? அளந்துதானே ஊற்றினேன்.

பழைய பிப்பெட்:

எதில் கரைத்தாய்? எதில் வைத்திருந்தாய்?

பட்டினிச்செல்:

வெறும் பாஸ்பேட் உப்புக் கரைசலில். பிளாஸ்டிக் டியூபில் சின்னச் சின்னதாகப் பிரித்து மைனஸ் 20இல். எடுக்கும்போது உருக்கிப் பயன்படுத்துவேன்.

பழைய பிப்பெட்:

சரிதான். உன் எல்.பி.ஏவில் பெரும்பகுதி அந்த டியூபின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு வால் இருந்தாலும் வால் வால்தான். தண்ணீர் பிடிக்காது, பிளாஸ்டிக்கைக் கண்டால் விடாது. உடம்பில் இது தனியாக நீந்துவதில்லை, ஆல்புமின் தோளில் ஏறித்தான் பயணம் செய்கிறது. 1992இல் லண்டனில் ரிட்லியும் ஹாலும், சீரம் பட்டதும் பட்டினிச் செல்லுக்குள் ஆக்டின் இழைகள் கயிறு கயிறாக முறுக்கிக்கொள்வதற்குக் காரணம் என்ன என்று தேடினார்கள். வந்து நின்றது ஆல்புமினோடு ஒட்டியிருந்த எல்.பி.ஏ. நீ கொழுப்பமிலம் நீக்கிய ஆல்புமின் 0.1% கலந்து கரைத்துப் பார். டியூபையும் மாற்று.

ஸ்பிங்ஸ் ரசிகன்:

எல்லாரும் எல்.பி.ஏவையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். வளர்ச்சியையும் சாவையும் ஒரே தராசில் வைக்கிற லிப்பிட் குடும்பம் ஸ்பிங்கோலிப்பிட்தான். செராமைடு கூடினால் செல் நின்றுவிடும், இல்லையென்றால் தற்கொலை செய்துகொள்ளும். அதே செராமைடிலிருந்து ஸ்பிங்கோசின் வந்து, அதில் ஒரு பாஸ்பேட் ஏறினால் எஸ்1பி. அது கூடினால் செல் பிழைக்கும், பெருகும். நடுவில் தராசு முள் போல, அந்தப் பாஸ்பேட்டை ஏற்றுகிற நொதியான ஸ்பிங்கோசின் கைனேஸ். 1996இலிருந்து இருக்கிற கருத்து, இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.

பெயர்க்காரணமும் சொல்லிவிடுகிறேன். 1884இல் தூடிகம் என்பவர் மூளையிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அவ்வளவு புதிர் போட்டதாம். அதனால் புதிர் போடுகிற கிரேக்கப் புராண விலங்கான ஸ்பிங்ஸின் பெயரையே வைத்துவிட்டார்.

உட்சவ்வு:

அழகாக இருக்கிறது என்பதுதான் அதன் கோளாறு. எஸ்1பி என்றால் வளர்ச்சி என்று மொட்டையாகச் சொல்லிவிட முடியாது. அதற்கு 5 ஏற்பிகள். முதல் ஏற்பி வழியாகக் கேட்கிற செல் ஒன்று செய்யும், இரண்டாவது வழியாகக் கேட்கிற செல் நேரெதிராகச் செய்யும். நிணநீர் முடிச்சுகளில் பி செல்கள் வேகமாகப் பிரிகிற மையங்கள் உண்டு. அங்கே எஸ்1பியின் இரண்டாவது ஏற்பி கடிவாளம் பிடிக்கிறது. அந்த ஏற்பி இல்லாத எலிகளுக்கு வயதாக ஆக பி செல் லிம்போமா வருகிறது. மனிதர்களின் லிம்போமாவிலும் அந்த ஏற்பியின் மரபணு கெட்டுப்போயிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதே எஸ்1பிதான், அங்கே "அடங்கு" என்கிறது. உங்கள் தராசில் இதை எந்தத் தட்டில் வைப்பீர்கள்?

ஸ்பிங்ஸ் ரசிகன்:

தராசு செல்லுக்குள்ளே நடப்பதைப் பற்றியது. நீங்கள் சொல்வது வெளியே நடப்பது.

உட்சவ்வு:

அந்த வேறுபாட்டைத்தான் உங்கள் முதல் பதிவில் தேடினேன், காணோம்.

பழைய பிப்பெட்:

சண்டை வேண்டாம். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், ஆனால் உட்சவ்வு பக்கம் கொஞ்சம் கூடுதல் உண்மை. லிப்பிடின் பெயரை வைத்து வேலையைச் சொல்ல முடியாது, கேட்கிற செல்லைப் பார்க்க வேண்டும். எல்.பி.ஏவுக்கும் இதே கதை. நான் ஒரு காலத்தில் நரம்பு வகைச் செல்களை வளர்த்தேன். நீளமாக, மெல்லிய கொடி போலக் கிளை விட்டு நிற்கும். எல்.பி.ஏ ஒரு சொட்டு விட்டுவிட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். தொட்டாற்சிணுங்கி மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிளைகளை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாகிவிட்டன. ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. அங்கே பிரிதல் பேச்சே இல்லை. ஃபைப்ரோபிளாஸ்டில் ஆக்டின் கயிற்றை முறுக்குகிற அதே ரோ புரதம்தான் இங்கே கிளையைச் சுருட்டுகிறது.

கேள்விக்குறி:

ஒரே ஏற்பியிலிருந்து எப்படி இத்தனை வேலை? ரோ, எர்க், கால்சியம் என்று நீங்கள் பாட்டுக்கு அடுக்குகிறீர்கள்.

பழைய பிப்பெட்:

ஏற்பிக்கு அடியில் ஜி புரதங்கள் என்று தரகர்கள் சிலர் இருக்கிறார்கள். எல்.பி.ஏ வந்து ஏற்பியில் உட்கார்ந்ததும், ஏற்பி சற்றே வடிவம் மாறி இவர்களைத் தட்டி எழுப்பும். ஜிஐ எழுந்தால் ராஸ் என்ற புரதம் வழியாக எர்க்குக்குப் போகும், இதுதான் பிரிதலுக்கான முக்கியப் பாதை. கக்குவான் இருமல் கிருமியின் நஞ்சு இந்த ஜிஐயை மட்டும் செயலிழக்கச் செய்யும். அந்த நஞ்சைக் கொடுத்தால் எல்.பி.ஏ இருந்தும் டி.என்.ஏ நகலெடுப்பு நடக்காது. 1989 வேலையின் முக்கிய முடிவுகளில் ஒன்று அது. ஜிகியூ எழுந்தால் கால்சியம். ஜி12, ஜி13 எழுந்தால் ரோ.

இந்த ரோ பாதை வெறும் கயிறு முறுக்குவதோடு நிற்பதில்லை. யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் போனால் வளர்ச்சி மரபணுக்களைத் திறந்துவிடும். சீரத்தில் எது யாப்பை உள்ளே அனுப்புகிறது என்று தேடியவர்கள் 2012இல் கண்டுபிடித்தது எல்.பி.ஏவும் எஸ்1பியும்தான். ஏதோ ஒரு வளர்ச்சிப் புரதம்தான் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது இரண்டு கொழுப்பு. படித்த அன்று எனக்கு ஒரே குஷி.

உட்சவ்வு:

வெளியே மிதக்கிற லிப்பிடைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். சவ்வின் உட்பக்கத்தில் நடப்பது இதைவிடப் பெரிய கூத்து. அங்கே பி.ஐ.பி2 என்ற லிப்பிட் இருக்கிறது. அதன் சர்க்கரை வளையத்தின் 3ஆம் இடத்தில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றினால் பி.ஐ.பி3. இப்படி 3ஆம் இடத்தில் ஏற்றுகிற நொதி இருப்பதை 1988இல் கேன்ட்லி குழு காட்டியது. பி.ஐ.பி3 எங்கும் போகாது, சவ்வில் ஒரு கொடி நட்ட மாதிரி நிற்கும். அந்தக் கொடியைப் பார்த்து ஏ.கே.டி என்ற புரதம் ஓடி வந்து ஒட்டும், ஒட்டிய இடத்திலேயே தூண்டப்படும். பிறகு "சத்து இருக்கிறது, பெருக்கலாம்" என்ற செய்தி செல் முழுக்கப் பரவும். செல் பிரிவதற்கு முன் பருமனாக வேண்டும் அல்லவா? அந்தப் பருமனுக்குப் பெரிதும் பொறுப்பு இந்தப் பாதைதான்.

கொடியைப் பிடுங்குகிறவர் பெயர் பி.டி.இ.என். 1997இல் கட்டி அடக்கும் மரபணுவாகத்தான் அது முதலில் அறிமுகமானது. அது வேலை செய்வது புரதத்தில் அல்ல, பி.ஐ.பி3 என்ற லிப்பிடில் என்று அடுத்த வருடம் தெரிந்தது. புற்றுநோய்களில் அடிக்கடி தொலைந்துபோகும் மரபணுக்களில் இதுவும் ஒன்று. பிடுங்க ஆள் இல்லாத கொடி நின்றுகொண்டே இருக்கும், அவ்வளவுதான் விஷயம்.

இன்சுலினும் இதே பாதையில்தான் பேசுகிறது என்பது இதில் ஒரு சங்கடம். 2019இல் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற ஆல்பெலிசிப் என்ற மருந்து, பி.ஐ.பி3ஐ உண்டாக்குகிற நொதியைத்தான் தடுக்கிறது. அதன் பரவலான பக்கவிளைவு ரத்தச் சர்க்கரை ஏறுவது.

ஸ்பிங்ஸ் ரசிகன்:

நேரம்தான் முக்கியம் என்று மேலே சொன்னீர்களே, அதற்கு நேர்வாள எண்ணெயைவிட நல்ல சாட்சி கிடையாது. முதலில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளைச் சிறிதளவு தடவிய எலித் தோலில் இந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவினால் கட்டி வரும், எண்ணெயை மட்டும் தடவினால் அப்படி வராது என்று 1940களிலேயே தெரியும். அதில் இருக்கும் ஃபார்பால் எஸ்டர், டைஅசைல்கிளிசரால் என்ற நம் சொந்த லிப்பிடைப் போல வேடம் போட்டு பி.கே.சி நொதியைத் தூண்டுகிறது என்று 1982இல் நிஷிசுகா குழு காட்டியது. நம்முடைய டைஅசைல்கிளிசரால் வந்த வேகத்தில் அழிக்கப்பட்டுவிடும். ஃபார்பால் எஸ்டர் லேசில் அழியாது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

உட்சவ்வு:

இந்த முறை ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. ஃபார்பால் எஸ்டரை நாள் முழுக்க விட்டுவைத்தால் பல செல்களில் பி.கே.சியே சிதைந்து காணாமல் போய்விடும். அடி அதிகமானால் அம்மியே உடையும். எது தூண்டல், எது தீர்ந்துபோனதன் விளைவு என்று பிரித்துச் சொல்ல இன்றும் மண்டை காய்கிறது.

கேள்விக்குறி:

இதெல்லாம் படித்துவிட்டு ஒரு பயம். சாப்பிடுகிற கொழுப்பும் இப்படிச் செல்லைப் பிரியச் சொல்லுமா?

பழைய பிப்பெட்:

அப்படி நேர்க்கோடு போட முடியாது. சாப்பிட்ட கொழுப்பு குடலில் உடைந்து, மறுபடி கோக்கப்பட்டு, எங்கெங்கோ போய்ச் சேருகிறது. செய்தியாக மாறுவது அந்தந்த இடத்து நொதி வெட்டும்போதுதான். ஒரே ஒரு இடத்தில் தொடர்பு கண்ணுக்குத் தெரிகிறது: அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்திலிருந்து வருகிற புரோஸ்டாகிளாண்டின் இ2. குடல் செல்களின் பெருக்கத்தை அது தூண்டும். அது உண்டாவதைத் தடுப்பதுதான் ஆஸ்பிரின். லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரைச் சிக்கல் உள்ளவர்களுக்கு தினம் 600 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஆய்வில், சில ஆண்டுகள் கழித்துப் பெருங்குடல் புற்றுநோய் குறைந்திருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை வாயில் போட வேண்டாம், வயிற்றில் ரத்தக்கசிவு என்று இன்னொரு பக்கமும் உண்டு.

மௌன வாசகி:

பல மாதமாகப் படிக்க மட்டும் செய்கிறேன், இன்றுதான் எழுதுகிறேன். எல்.பி.ஏ என்றதும் யாரும் முடியைப் பற்றிப் பேசவில்லையே! எல்.பி.ஏவின் 6ஆவது ஏற்பியின் மரபணு இரண்டு பிரதியிலும் கெட்டுப்போனால், பிறவியிலேயே முடி கம்பளி போலச் சுருண்டு, அடர்த்தியில்லாமல் வளரும். அந்த எல்.பி.ஏவை மயிர்க்காலில் உண்டாக்குகிற நொதி கெட்டாலும் அச்சாக அதே முடிதான். இங்கே வெட்டுவது ஆட்டோடாக்சின் இல்லை, வேறொரு நொதி. பேசுகிறவர் ஊமையானாலும் கேட்பவர் செவிடானாலும் விளைவு ஒன்று. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க மரபணுவைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய பிப்பெட்:

அருமை. இனிமேல் அடிக்கடி எழுதுங்கள்.

பட்டினிச்செல்:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா சொன்னபடி ஆல்புமினில் கரைத்தேன். அவசரத்தில் அலமாரியில் இருந்த சாதாரண ஆல்புமினை எடுத்துவிட்டேன். எல்.பி.ஏ கொடுத்த தட்டில் எர்க் கரேலென்று வந்தது. சந்தோஷப்படுவதற்குள், வெறும் ஆல்புமின் மட்டும் கொடுத்த கட்டுப்பாட்டுத் தட்டிலும் அதே கறுப்பு! ஒரு நாள் முழுக்க ஆன்டிபாடியைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் உறைத்தது. சாதாரண ஆல்புமின் ரத்தத்திலிருந்து வரும்போதே தோளில் லிப்பிடுகளைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. என் கட்டுப்பாட்டுச் செல்கள் பட்டினியே கிடக்கவில்லை.

கொழுப்பமிலம் நீக்கியதை வாங்கி மறுபடி செய்தேன். இந்த முறை கட்டுப்பாடு வெளிறிக் கிடந்தது. எல்.பி.ஏவை 10 மைக்ரோமோலாராக்கி, 6 மணி நேரத்துக்கு ஒரு தரம் புதிதாகக் கொடுத்தேன் (இரவில் அலாரம் வைத்து). 20ஆம் மணியில் இ.டி.யு பார்த்தேன். கட்டுப்பாட்டில் ஒரு பார்வைப் பரப்புக்கு ஒன்றிரண்டு உட்கரு பச்சையாக மின்னியது. எல்.பி.ஏ தட்டில் கண்ணை எடுக்காமலே எண்ணுகிற அளவுக்கு அங்கங்கே பச்சை. சீரம் தட்டு அளவுக்கு இல்லை. ஒரே தடவை கொடுத்துவிட்டு விட்ட தட்டு, கட்டுப்பாட்டைவிடக் கொஞ்சம்தான் மேல்.

உட்சவ்வு:

சீரம் அளவுக்கு வராது. சீரத்தில் பி.டி.ஜி.எஃப் என்ற வளர்ச்சிப் புரதம், எஸ்1பி என்று ஒரு கூட்டமே இருக்கிறது. எல்.பி.ஏ தனியாள். கக்குவான் நஞ்சு போட்டுப் பார்த்தீர்களா?

பட்டினிச்செல்:

போட்டேன். பச்சை ஏறக்குறைய எல்லாம் அணைந்துவிட்டது. ஆனால் செல்லுக்குள் ஆக்டின் கயிறுகள் மட்டும் முறுக்கியபடியே நின்றன. அப்படியானால் ரோ பாதைக்கு ஜிஐ தேவையில்லை என்றுதானே அர்த்தம்?

உட்சவ்வு:

அதேதான். ஒரே தட்டில் இரண்டு பாதையையும் பிரித்துப் பார்த்துவிட்டீர்கள். அடுத்து ரோ கைனேஸ் (ரோவின் செய்தியை மேலே கொண்டுபோகும் நொதி) தடுப்பான் போட்டு, யாப் உட்கருவில் இருக்கிறதா வெளியே நிற்கிறதா என்று சாயம் ஏற்றிப் பாருங்கள்.

பழைய பிப்பெட்:

அந்தப் படத்தை இங்கே போடு தம்பி. அப்புறம், மீதி எல்.பி.ஏவைக் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி, தேதி எழுதி வை. அந்தப் பழைய பிளாஸ்டிக் டியூபைத் தூக்கிப் போடு, இல்லாவிட்டால் அடுத்து வருகிற பிள்ளை அதையே எடுத்துவிட்டு இங்கே வந்து கேள்வி கேட்கும்.